அப்டேட்டுக்கு அப்புறம் புக்மார்க் காணோமா? முதல் அரைமணி நேரத்தில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

முக்கூடலில் சின்னதாக ஓர் ஆன்லைன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், பிரௌசர் அப்டேட் ஆகியிருந்தது. மேலே வரிசையாக நிற்கும் பட்டா, வில்லங்கம், பி.எஃப்., ஸ்காலர்ஷிப் எதையும் காணோம். அந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஒரே தட்டில் திறக்கும்படி எட்டு வருஷமாகப் புக்மார்க்காகச் சேர்த்து வைத்த நானூறுக்கும் மேற்பட்ட வலைத்தள முகவரிகள். வாசலில் பீடி சுற்றும் அக்கா ஒருவர், மகனுடைய மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக் மூன்றையும் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறார். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. "யம்மா, இன்னைக்கு முடிஞ்சிரும்லா?" என்று கேட்டார்.

அவருடைய விண்ணப்பத்தை எப்படியோ போட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பதற்றத்தில் நான் அடுத்தடுத்துச் செய்த காரியங்கள்தான் புக்மார்க்கை உண்மையிலேயே அழித்தன. அது வரைக்கும் அவை கம்ப்யூட்டருக்குள்ளேயேதான் இருந்திருக்கின்றன. சில மாதம் கழித்து அம்பாசமுத்திரத்தில் என் தங்கையின் லேப்டாப்பில் இதே கூத்து நடந்தபோது, பத்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தேன். இரண்டு இடத்திலும் கோளாறு ஒன்றுதான். செய்த வரிசைதான் வேறு. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எந்த பிரௌசராக இருந்தாலும் இதே வரிசையில் போங்கள், ஒன்றைத் தாண்டி அடுத்ததுக்குத் தாவாதீர்கள்.

1. முதலில் நான்கு காரியங்களைச் செய்யாதீர்கள்

புதிதாக ஒரு புக்மார்க்கூடச் சேர்க்காதீர்கள். குரோம், எட்ஜ் மாதிரியான பிரௌசர்கள் புக்மார்க் ஃபைலுக்குப் பக்கத்திலேயே அதன் பழைய பிரதி ஒன்றை வைத்திருக்கும். நீங்கள் திறந்து மூடி, புதிதாகச் சேர்க்கச் சேர்க்க, அந்தப் பழைய பிரதியின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். நான் அன்று காலையில் மளமளவென்று இருபது முகவரிகளைச் சேர்த்தேன். நல்ல பிரதி என்று ஒன்று அங்கே இருந்திருந்தால் அது அப்போதே போயிருக்கும்.

பிரௌசரை அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போடாதீர்கள். குரோமை நீக்கும்போது, பிரௌசிங் தகவல்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டு ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் டிக் விழுந்தால் புக்மார்க் இருக்கும் ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். என் கதையில் கடைசி ஆணி அதுதான். ரிப்பேர் பார்க்க வந்த தம்பி, "அக்கா, எடுத்துட்டு புதுசாப் போட்டா எல்லாம் வந்துரும்" என்று சொல்லி அந்தக் கட்டத்தில் டிக் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

சிங்க்கை, அதாவது ஒரே மெயில் கணக்கு வழியாக எல்லாக் கருவியிலும் புக்மார்க்கை ஒன்றுபோல வைக்கும் வசதியை, அவசரப்பட்டு ஆன் செய்யாதீர்கள், ஆஃபும் செய்யாதீர்கள். கம்ப்யூட்டரின் நெட்டைத் துண்டியுங்கள். அதே மெயில் கணக்கு உங்கள் ஃபோனிலும் இருந்தால், ஃபோனை உடனே ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கம்ப்யூட்டரில் நடந்த அழிவு ஃபோனுக்கும் போய்ச் சேர்வதற்குள் இதைச் செய்ய வேண்டும். ஒரு நிமிஷ வேலை.

நான்காவது, சிஸ்டத்தை ஃபார்மட் பண்ண யாரையும் விடாதீர்கள்.

2. உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள்

இதற்கு ஐந்து நிமிஷம் போதும், செலவில்லை. நிறையப் பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில சமயம் புக்மார்க் பட்டை மறைந்திருக்கும், அவ்வளவுதான். வரவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்துங்கள். முழுப் பட்டியலும் திறக்கும். உள்ளே ஏதாவது ஃபோல்டருக்குள் எல்லாம் ஒதுங்கிக் கிடக்கலாம்.

அடுத்தது புரொஃபைல், அதாவது ஒவ்வொருவருடைய புக்மார்க்கையும் பிரௌசர் தனித்தனியாக வைக்கும் இடம். மேல் மூலையில் (குரோமில் வலது பக்கம், எட்ஜில் இடது பக்கமும் இருக்கலாம்) வட்டமாக ஒரு படமோ எழுத்தோ இருக்கும். அதை அமுக்கினால் எந்தெந்தப் பெயரில் புரொஃபைல் இருக்கிறது என்று காட்டும். பிரௌசர் புதிதாக ஒரு காலிப் புரொஃபைலில் திறந்திருந்தால், உங்கள் பழைய புரொஃபைல் பட்டியலில் சும்மா உட்கார்ந்திருக்கும். தங்கையின் லேப்டாப்பில் இதுதான் நடந்தது. மெயில் கணக்கிலிருந்து லாக் அவுட் ஆகியிருக்கிறதா என்றும் இங்கேயே தெரியும். கணக்கில் சேமித்தவை, கணக்கு வெளியேறிக் கிடந்தால் தெரியாமல் போகலாம்.

புக்மார்க் மட்டுமில்லாமல் டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்களும் காணோமா? வால்பேப்பரும் மாறியிருக்கிறதா? அப்படியானால் பிரௌசரைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸ் உங்களைத் தற்காலிகப் புரொஃபைல் ஒன்றில் உள்ளே விட்டிருக்கிறது. விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் இது சிலருக்கு நடக்கிறது. அந்த நிலையில் எதையும் சேமிக்காதீர்கள், வெளியேறும்போது போய்விடும். ஓரிரு தடவை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

பிரௌசிங் சென்டரிலோ கல்லூரி லேபிலோ வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. அங்கே டீப் ஃப்ரீஸ் மாதிரி மென்பொருள் போட்டிருந்தால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் சிஸ்டம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்தக் கம்ப்யூட்டரில் சேமித்தது தங்காது. நிர்வாகியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. தேடுவதற்கு முன்னால் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள்

பிரௌசரை முழுதாக மூடுங்கள். மூடிய பிறகும் அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள். வருகிற பெட்டியில் லோக்கல் ஆப் டேட்டா என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல், முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு அடித்து எண்டர் தட்டுங்கள். குரோம் என்றால் கூகுள், அதற்குள் குரோம், அதற்குள் யூசர் டேட்டா. எட்ஜ் என்றால் மைக்ரோசாஃப்ட், எட்ஜ், யூசர் டேட்டா. இந்த யூசர் டேட்டா ஃபோல்டரை முழுசாகப் பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். சில ஜி.பி. இருக்கலாம், பத்து இருபது நிமிஷம் ஆகலாம். பொறுமையாக இருங்கள். இதற்கப்புறம் என்ன தவறு செய்தாலும் இந்தக் காப்பி உங்களைக் காப்பாற்றும்.

பயர்பாக்ஸுக்கு வழி வேறு: சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப் டேட்டா மட்டும் அடியுங்கள். மொசில்லா, பயர்பாக்ஸ், புரொஃபைல்ஸ் என்று போகும்.

4. குரோம், எட்ஜ்: பழைய ஃபைலைத் திரும்ப வைப்பது

யூசர் டேட்டாவுக்குள் டிஃபால்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். கூடவே புரொஃபைல் 1, புரொஃபைல் 2 என்றும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் புக்மார்க்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபைலும், அதே பெயரோடு புள்ளி வைத்து பேக் (ஆங்கிலத்தில் பி, ஏ, கே) என்று முடியும் இன்னொரு ஃபைலும் தேடுங்கள்.

கண்ணில் பட வேண்டியது அளவும் தேதியும். ஒரு ஃபைல் ஒன்றிரண்டு கே.பி.தான் என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. நூறு கே.பி. போல இருந்தால் உங்கள் முகவரிகள் அதில்தான் இருக்கின்றன. தங்கையின் லேப்டாப்பில் டிஃபால்ட்டில் 140 கே.பி., புரொஃபைல் 1இல் 1 கே.பி. என்று பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தேகமாக இருந்தால் பென் டிரைவில் இருக்கும் காப்பியை நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் எழுத்து ஃபைல்தான், வலைத்தள முகவரிகள் வரிவரியாகத் தெரியும்.

பேக் என்று முடியும் ஃபைல்தான் பெரிதாக இருக்கிறதா? நெட் துண்டித்தபடியே இருக்கட்டும், பிரௌசர் மூடியே இருக்கட்டும். இப்போதிருக்கும் சின்ன ஃபைலின் பெயருக்குப் பின்னால் பழசு என்று சேர்த்து மாற்றுங்கள். அழிக்க வேண்டாம். பிறகு பெரிய ஃபைலின் பெயரில் புள்ளியையும் பேக் என்பதையும் எடுத்துவிடுங்கள். எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குள் ஃபைல் பெயரின் வால் பகுதியைக் காட்டும்படி முதலிலேயே வைத்துக்கொண்டால் பெயர் மாற்றுவதில் குழப்பம் வராது. பிரௌசரைத் திறந்து பாருங்கள். எல்லாம் வந்திருந்தால், நெட் போடுவதற்கு முன்னாலேயே ஓர் எக்ஸ்போர்ட், அதாவது முழுப் பட்டியலையும் தனி ஃபைலாக, எடுத்துவிடுங்கள். எப்படி என்று 9ஆம் பகுதியில் இருக்கிறது.

பழைய புரொஃபைல் வேறு ஃபோல்டரில் முழுசாக இருந்தால் பெயர் மாற்றும் வேலையே வேண்டாம். மேல் மூலையில் அந்தப் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் போதும்.

5. பயர்பாக்ஸ்: இங்கே வேலை சுலபம்

பயர்பாக்ஸ் தானாகவே தேதி போட்டு, பொதுவாக 15 பிரதிகள் வரை வைத்துக்கொள்ளும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தி லைப்ரரியைத் திறந்து, இம்போர்ட் அண்ட் பேக்அப் என்பதில் ரீஸ்டோர் போனால் தேதி வரிசை தெரியும். தொலைந்த நாளுக்கு முந்தின தேதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு எச்சரிக்கை: ரீஸ்டோர் செய்தால் இப்போது இருப்பவை எல்லாம் போய், அந்தப் பழைய பட்டியல்தான் நிற்கும். அதனால் இப்போதிருப்பதை முதலில் பேக்அப் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரீஸ்டோரில் தேதியே இல்லை என்றால் புதுப் புரொஃபைலில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இடத்தில் பயர்பாக்ஸ் போட்டிருந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் புரொஃபைல். முகவரிப் பட்டையில் அபவுட், கோலன், புரொஃபைல்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் எல்லாப் புரொஃபைலும் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

6. மெயில் கணக்கு வழியாக மீட்பது: என்னென்ன கையில் வேண்டும்

சிங்க் ஆன் செய்து வைத்திருந்தவர்களுக்குக் கணக்கிலேயே ஒரு பிரதி இருக்கலாம். ஆனால் கணக்குக்குள் நுழைவதிலேயே பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உட்காருவதற்கு முன் இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: சரியான மெயில் முகவரி, கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டு, கணக்கில் கொடுத்த செல் நம்பர் இருக்கும் ஃபோன் (அது ஏரோப்ளேன் மோடில் இருந்தால், இந்தப் பகுதியின் கடைசிப் பத்தியில் சொன்னதை முதலில் செய்துவிட்டு மோடை எடுங்கள்), மாற்று மெயில் ஏதாவது கொடுத்திருந்தால் அதன் பாஸ்வேர்டு. இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டவர்கள் கூகுள் தரும் பத்து பேக்அப் கோடுகளை எங்காவது எழுதி வைத்திருந்தால் அந்தத் தாள்.

எங்கள் பக்கம் எனக்கு அடிக்கடி வரும் சிக்கல், கணக்கில் இருப்பது பழைய நம்பர் என்பதுதான். மூத்த மகன் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்திருப்பான், நம்பரும் அவனுடையதாக இருக்கும். அவன் இப்போது திருப்பூரிலோ துபாயிலோ இருப்பான். அவனிடம் பேசி, ஓ.டி.பி. வந்த அந்த நிமிஷமே சொல்லும்படி ஏற்பாடு செய்துகொண்டு ஆரம்பியுங்கள். சிம் தொலைந்திருந்தால் ஆதாரைக் கொண்டுபோய் டூப்ளிகேட் சிம் வாங்கலாம், ஆனால் புது சிம் ஓடத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. அந்த ஒரு நாளைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. வரவில்லை என்று திரும்பத் திரும்ப அடித்தால் கணக்கு இன்னும் பூட்டிக்கொள்ளும்.

உள்ளே நுழைந்ததும் கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குப் போய், எல்லாவற்றையும் தேர்வு நீக்கிவிட்டு, குரோம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கூகுளே ஒரு ஃபைல் தயாரித்து மெயிலில் இணைப்பு அனுப்பும். குரோம் மட்டும் என்றால் பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடும். உள்ளே புக்மார்க்குகள் ஒரு வலைப்பக்க ஃபைலாக இருக்கும். இணைப்பு சில நாளில் காலாவதியாகும், வந்த அன்றே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஏரோப்ளேன் மோடில் போட்ட ஃபோனை மறக்காதீர்கள். நெட் இல்லாமலே அதில் பிரௌசரைத் திறந்து புக்மார்க் பட்டியலைப் பாருங்கள். இருந்தால், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் நெட் போட வேண்டும்.

7. இதிலும் கிடைக்கவில்லை என்றால்

அந்தக் கம்ப்யூட்டரில் வேறு பிரௌசர் இருக்கிறதா பாருங்கள். எட்ஜ் முதன்முதலில் திறக்கும்போது குரோமில் இருப்பதை எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும். நாம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டியிருப்போம். எனக்கு ஏறக்குறைய இருநூறு முகவரிகள் நான் தொடவே தொடாத ஒரு பிரௌசரில் அப்படித்தான் கிடைத்தன.

விண்டோஸையே புதுப் பதிப்புக்கு மாற்றிய பிறகு தொலைந்தது என்றால், சி டிரைவில் விண்டோஸ் ஓல்டு என்ற ஃபோல்டருக்குள் பழைய யூசர்ஸ் ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். அதைப் பொதுவாகப் பத்து நாளில் விண்டோஸ் தானே அழித்துவிடும். தள்ளிப்போடாதீர்கள்.

ஹிஸ்டரியில் தேடலாம். குரோமில் 90 நாள் வரைதான் இருக்கும்.

அப்புறம், நான் யாரிடமும் கேட்காமல் கண்டுபிடித்த ஒரு வழி. பிரௌசரிலிருந்து நேரடியாகப் பிரிண்ட் எடுத்த தாளின் அடியில், மிகச் சின்ன எழுத்தில், அந்தப் பக்கத்தின் முழு முகவரியும் அச்சாகியிருக்கும். கடையில் நூல் கோத்து வைத்திருந்த பழைய ஒப்புகைச் சீட்டுகளை இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அறுபது முகவரிகள் கிடைத்தன. வேறெங்கும் கிடைக்காத உள்பக்க முகவரிகள்கூட அதில் இருந்தன.

தேடுபொறியில் தேடித் திரும்பச் சேர்ப்பவர்கள் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். அரசு சேவை என்ற பெயரில் பணம் பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன. அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ஜிஓவி, புள்ளி, ஐஎன் என்றோ என்ஐசி, புள்ளி, ஐஎன் என்றோ முடியும். மின்வாரியம் மாதிரி அப்படி முடியாதவையும் உண்டு. அவற்றுக்குக் கையில் இருக்கும் பழைய ரசீதைப் பார்த்து அடியுங்கள். ஆலங்குளம், தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்களுக்குப் பட்டா பார்ப்பவர்கள் மாவட்டம் தென்காசி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்த பின்னும் திருநெல்வேலியில் தேடிவிட்டு, ஊர் பெயரே இல்லை, தளம் மாறிவிட்டது என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

8. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகும் முன்

நான் செலவழித்தது இவ்வளவு: நேரில் வந்து பார்த்ததுக்கு 500 ரூபாய், மறுபடி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் காட்டியதுக்கு 300, அழிந்த ஃபைலை மீட்டுத் தர இன்னோர் இடத்தில் கேட்டது 3,000. அந்த மூவாயிரத்தை நான் கொடுக்கவில்லை. காரணம், என் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இருப்பது எஸ்.எஸ்.டி. என்ற புது வகைச் சேமிப்பு. அதில் அழிந்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காது, அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் வாய்ப்பு உண்டு, அதுவும் அழிந்த உடனே கம்ப்யூட்டரை நிறுத்தியிருந்தால். உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொண்டு பணத்தைப் பேசுங்கள்.

கடையில் கொடுக்கும்போது வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். "யூசர் டேட்டா ஃபோல்டரை அழிக்கக் கூடாது, ஃபார்மட் செய்யக் கூடாது" என்று ஒரு தாளில் எழுதி லேப்டாப் மேலேயே ஒட்டுங்கள். கிடைத்தால் மட்டும் பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

9. மாதம் ஒரு தடவை, இரண்டு நிமிஷம்

குரோம், எட்ஜ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. மேலே மூன்று புள்ளி. எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ். வருகிற ஃபைலுக்கு அன்றைய தேதியைப் பெயராக வையுங்கள். திரும்ப ஏற்ற வேண்டிவந்தால் அதே மூன்று புள்ளியில் இம்போர்ட். ஒரே ஃபைலை இரண்டு தடவை ஏற்றினால் எல்லாம் இரட்டிப்பாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஃபைலை மூன்று இடத்தில் வைக்கிறேன்: பென் டிரைவில் ஒன்று, எனக்கே நான் அனுப்பிய மெயிலில் ஒன்று, அம்பாசமுத்திரத்தில் தங்கையிடம் ஒன்று. 350 ரூபாய்ப் பென் டிரைவ் தவிர வேறு செலவில்லை. பென் டிரைவைக் கம்ப்யூட்டர் மேஜை டிராயரிலேயே வைக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, திருநெல்வேலி சிந்துபூந்துறையில் கடை வைத்திருந்த தோழி ஒருத்திக்குக் கம்ப்யூட்டரும் டிராயரில் இருந்த பேக்அப்பும் ஒரே தண்ணீரில் போயின.

கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. வாடிக்கையாளர் தன் மெயிலைத் திறக்கக் கேட்டால் உங்கள் பிரௌசரில் நேரடியாக விடாதீர்கள், மூடியதும் எதையும் வைத்துக்கொள்ளாத கெஸ்ட் விண்டோ திறந்து கொடுங்கள். அவர் கணக்கு உங்கள் புரொஃபைலில் ஏறி சிங்க்கும் ஆனால், அவருடையதும் உங்களுடையதும் கலந்துபோகும். பிறகு அவர் தன் ஃபோனில் தேவையில்லாததை அழிக்கும்போது உங்கள் கடையிலும் அழியும்.

சேமிக்கும்போது முகப்புப் பக்கத்தைச் சேமியுங்கள். லாக் இன் செய்த பிறகு வரும் உள்பக்கங்களில் பல, மறுநாள் திறந்தால் நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிடும்.

தினமும் தேவைப்படும் முப்பது முகவரிகளை மட்டும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து மானிட்டர் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். போன வாரம் அதே அக்கா, இந்தத் தடவை இளைய மகளுடைய மார்க் ஷீட்டோடு வந்திருந்தார். கரண்ட் போய்வந்து பிரௌசர் சரியாகத் திறக்கவில்லை. தாளைப் பார்த்து ஃபோனில் முகவரியை அடித்தேன். கால் மணி நேரத்தில் விண்ணப்ப எண்ணை எழுதிக் கையில் கொடுத்தேன்.